உக்கடம் பெரியகுளமும் கோட்டைமேடும்: ஒரே நடையில் இரண்டு

பழைய ஊரும் அதை ஒட்டிய நீர்க்கரையும் சேர்ந்திருக்கும் இடங்களுக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோவையின் உக்கடத்தில் இது நாள்தோறும் நடக்கிறது. மாலையில் பெரியகுளக் கரைக்கு வருகிற குடும்பங்கள் காற்று வாங்கி, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகின்றன. ஒப்பணக்கார வீதிக்குத் துணி எடுக்க வருகிறவர்களுக்கோ, கொஞ்ச தூரத்தில் 320 ஏக்கருக்கு மேல் தண்ணீர் விரிந்து கிடப்பது நினைவிலேயே இல்லை. குளத்தையும் ஊரையும் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் விளங்கும். இரண்டையும் ஒரே நாளில், நடந்தே பார்ப்பதற்கான வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

கல் எங்கே, வண்டல் எங்கே

மத்தியதரைக் கடலோரத்துப் பழைய ஊர்களில் கூழாங்கல் கரைகள் புகழ்பெற்றவை. பிரான்சின் நீஸ் நகரம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கடற்கரை முழுக்க மணலுக்குப் பதில் உருண்டைக் கற்கள். ஆல்ப்ஸ் மலை கடலுக்கு மிக அருகில் இருப்பதால், வார், பயோன் ஆகிய ஆறுகள் மலைக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து கரையிலேயே போட்டுவிடுகின்றன. கல்லைப் பொடியாக்கவோ வழியில் இறக்கிவைக்கவோ ஆற்றுக்கு அவகாசம் இல்லை. கரையை ஒட்டிய குன்றின் மேல் இருந்த கோட்டையை 1706-ல் பதினான்காம் லூயி மன்னர் இடிக்கச் செய்தார். குன்றடியில் பழைய ஊரின் சந்துகளும் சந்தையும் இன்றும் இருக்கின்றன. 1820-களில், ஊரில் வேலையில்லாதிருந்த ஏழைகளுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயர்கள் பணம் போட, கடலோரமாக ஒரு நடைபாதை உருவானது. நீஸுக்குப் போகிறவர்கள் கரையையும் பழைய ஊரையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

உக்கடத்திலும் இருந்து மறைந்த கோட்டை ஒன்று உண்டு. சந்தையும் சந்துகளும் உண்டு. நீர்க்கரையும் நடைபாதையும் உண்டு. கூழாங்கல் மட்டும் இல்லை. அதற்கான காரணம் தெரிந்தால் இந்தக் குளமே புரிந்துவிடும். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், மலையடிவாரத்திலேயே வேகம் குறைந்து கல்லையெல்லாம் இறக்கிவிடுகிறது. அதன் பிறகு அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் குறுக்கிட்டுத் தண்ணீரை மெல்ல நடத்தி வருகின்றன. இத்தனையும் கடந்து உக்கடத்துக்கு வந்து சேர்வது வண்டல் மட்டும்தான். குளத்து உட்கரையில் நீங்கள் பார்க்கும் கற்கள், அலையடித்துக் கரை கரையாமல் இருப்பதற்காக மனிதர்கள் பதித்தவை.

குளத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெரியகுளத்தை ஏரி என்று எண்ணாமல், ஒரு சங்கிலியின் நடுக் கண்ணி என்று எண்ணிப் பாருங்கள். நொய்யலின் மேற்பகுதியில் உள்ள சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி குளம் ஆகியவற்றை நிரப்புகிறது. செல்வசிந்தாமணியின் உபரி பெரியகுளத்துக்கு வருகிறது. பெரியகுளத்துக்கு நொய்யலிலிருந்து தனி வாய்க்காலும் உண்டு. இது நிறைந்தால் தண்ணீர் வாலாங்குளத்துக்குப் போகும். மேலே இருக்கிற குளம் நிறைந்து கீழே இருக்கிற குளத்துக்கு வழிவிடும் இந்த ஏற்பாடு பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. இந்தப் பகுதியில் நெல்லும் கரும்பும் விளைந்ததற்கும், கிணறுகளில் நீர் ஊறியதற்கும் இது அடிப்படையாக இருந்தது.

நகரம் வளர வளர வயல்கள் வீடுகளாயின. பாசனம் போய், கழிவுநீர் வந்தது. 2010-ல் கோவை மாநகராட்சி, பெரியகுளம் உள்ளிட்ட நகரக் குளங்களைப் பொதுப்பணித் துறையிடமிருந்து 90 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 2013-ல் வறட்சியால் குளம் காய்ந்து கிடந்தபோது, மாநகராட்சியோடு தன்னார்வ அமைப்புகளும் பொதுமக்களும் சேர்ந்து தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தினார்கள். மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் விடுமுறை நாட்களில் மண்வெட்டியோடு இறங்கிய வேலை அது. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலில் கோவை இடம்பெற்ற பிறகு நடைபாதை, அமர்விடங்கள், விளக்குகள், மிதிவண்டிப் பாதை எல்லாம் வந்தன. இன்று நீங்கள் நடக்கப்போகும் கரை, அந்த மண்வெட்டிகளும் இந்தத் திட்டமும் சேர்ந்து உருவாக்கியது.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மிகச் சிறந்த காலம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு குளம் நிறைந்திருக்கும், வெயில் குறைவாக இருக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேறு வகை அழகு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று தடையின்றி வீசும், அவ்வப்போது சாரல் அடிக்கும். மலையில் பெருமழை பெய்த மறுநாள் போனால், வாய்க்காலில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்து வருவதைக் காணலாம். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கு மேல் கரையில் நிற்க முடியாது. நிழல் குறைவு.

ஒரு நாளில் இரண்டு நேரங்கள் உகந்தவை. காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை பறவைகளுக்கானது. குளம் உக்கடத்துக்கு மேற்கே விரிந்திருப்பதால், உக்கடம் பக்கக் கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். தண்ணீரும் பறவைகளும் நல்ல வெளிச்சத்தில் தெரியும். மாலை ஐந்தரைக்கு மேல் அதே கரையிலிருந்து மேற்கு மலைத்தொடருக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். ஞாயிறு மாலை நெரிசல் அதிகம். முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள் வாரநாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எப்படிப் போவது

கோவை ரயில் நிலையத்திலிருந்து உக்கடம் சுமார் 3 கிலோமீட்டர். காந்திபுரத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் டவுன் பஸ்கள் அடிக்கடி வருகின்றன. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு உக்கடம் பேருந்து நிலையமே இறங்குமிடம். அங்கிருந்து குளக்கரைக்கு நடந்தே போய்விடலாம்.

2024 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்ட உக்கடம் ஆத்துப்பாலம் மேம்பாலத்தைக் கவனத்தில் வையுங்கள். சொந்த வண்டியில் தெற்கிலிருந்து வருகிறவர்கள் மேம்பாலத்தில் ஏறிவிட்டால் உக்கடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆகவே கீழ்ச் சாலையில் வரவேண்டும். பேருந்து நிற்கும் இடங்கள் மேம்பாலப் பணியின்போது பலமுறை மாறியிருப்பதால், திரும்பும் பஸ் எங்கே நிற்கும் என்பதை இறங்கியவுடனேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசிவிடுவது நல்லது.

கரையில் என்ன பார்ப்பது

நுழைந்தவுடன் இருக்கும் அலங்கார அமைப்புகளில் நேரத்தைச் செலவிட்டுவிடாமல், கரையோடு மேற்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். கூட்டம் சீக்கிரமே குறைந்துவிடும். அதற்குப் பிறகுதான் குளம் தன்னைக் காட்டத் தொடங்குகிறது.

முதலில் பறவைகள். கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்து, ஒன்று சேர்ந்து மீனை வளைக்கும். சின்ன நீர்க்காகங்கள் முக்கி எழுந்தபின் கம்பத்திலோ பட்டமரத்திலோ உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும். அவற்றின் இறகில் தண்ணீர் ஊறிவிடும் என்பதால்தான் இந்த வேலை. நீர்ச்செடிகள் அடர்ந்த ஓரங்களில் நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து ஆகியவற்றைத் தேடுங்கள். முக்குளிப்பான் மிகச் சிறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கி, எதிர்பாராத இடத்தில் எழும். செடிகளைச் சேர்த்து மிதக்கும் கூடு கட்டுவதும், குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதும் அதன் வழக்கம். தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டாலும் ஓரிடத்தில் கால்மணி நேரம் அசையாமல் நின்றால் பறவைகள் தாமாகவே பக்கத்தில் வரும்.

இரண்டாவது, மீன்பிடிப்பு. காலையில் பரிசல்களில் போய் வலை எடுத்து வருகிறவர்களைக் காணலாம். ஜிலேபி, கட்லா, ரோகு போன்றவை இங்கே அகப்படும். அவர்களிடம் பேச விரும்பினால் வலையைப் பிரித்து முடிக்கும்வரை காத்திருங்கள். “அண்ணா, இன்னிக்கு எப்படிங்க இருந்தது?” என்று கேட்டால் போதும். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்தப் பக்கம் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, எந்த மாதத்தில் எந்த மீன் என்பதெல்லாம் அவர்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும். வருகிறவர்களில் அநேகர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்தில் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் செம்மண் நிறம் என்றால் மலைத் தண்ணீர். கறுத்து நுரைத்து வந்தால் கழிவுநீர் கலந்திருக்கிறது. மதகு எங்கே இருக்கிறது, உபரி எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் இதை அவசியம் காட்டுங்கள். வீட்டில் கழுவி ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கரையில் செய்யக்கூடாதவை

குளத்தில் இறங்காதீர்கள். பதித்த கற்களில் பாசி படிந்திருக்கும். ஈரத்தில் கால் வைத்தால் வழுக்கும். கரையோரத்திலேயே ஆழமும் அடியில் சேறும் உண்டு. நீச்சல் தெரிந்தவர்களும் சேற்றில் சிக்கினால் மீள்வது கடினம். கழிவுநீர் கலப்பதால் கைகால் கழுவவும் இந்தத் தண்ணீர் ஏற்றதல்ல. சில நாட்களில், குறிப்பாகக் கோடையில், வாடை அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

பறவைகளுக்கும் மீன்களுக்கும் பொரியோ பிஸ்கட்டோ போடாதீர்கள். பாலித்தீன் பையைக் கையிலிருந்து விட்டால் காற்று அதை நேரே தண்ணீருக்குத்தான் கொண்டுபோகும். ரப்பர் அடி கொண்ட செருப்பு அல்லது ஷூ, தொப்பி, குடிதண்ணீர், ஜூன் ஜூலையில் ஒரு குடை, மாலையில் கொசுக்கடிக்கு ஏதேனும் தைலம் ஆகியவை போதும். கழிப்பறை தேவைக்குப் பேருந்து நிலையத்தை நம்பலாம்.

கோட்டைமேட்டு நடை

எட்டு எட்டரைக்குக் கரையிலிருந்து கிளம்பி ஊருக்குள் வாருங்கள். உக்கடத்திலிருந்து டவுன்ஹால் வரை நின்று நின்று பார்த்துப் போக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பல மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக் கூட்டம் அதிகம். மற்ற நாட்களின் முற்பகல் வசதியானது.

மீன் பிரியர்கள் நடையை உக்கடம் மீன் மார்க்கெட்டில் தொடங்கலாம். கடலே இல்லாத மாவட்டத்துக்கு ராமேசுவரம், தூத்துக்குடி, கேரளக் கரைகளிலிருந்து இரவோடிரவாக ஐஸ் பெட்டிகளில் மீன் வந்து இறங்குகிற இடம் இது. மொத்த வியாபாரம் விடியுமுன் சூடு பிடித்து, காலையில் தணிந்துவிடும். அதைக் காண விரும்பினால் குளக்கரைக்கு முன்பே இங்கே வந்துவிட வேண்டும்.

அடுத்து கோட்டைமேடு. பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருந்ததால் கோவைக் கோட்டைக்கு மைசூர்ப் போர்களில் பெரிய மதிப்பு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்த அதை 1791-ல் திப்பு சுல்தானின் படை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. இன்று மதிலும் அகழியும் இல்லை. கோட்டை இருந்த இடத்தின் பெயரும், தெருக்களின் நெருக்கமும், கோட்டை ஈஸ்வரன் என்று ஊரார் அழைக்கும் சங்கமேஸ்வரர் கோயிலும் மிஞ்சியிருக்கின்றன. கோயிலுக்கு வழி தெரியாவிட்டால் கடைக்காரர்களைக் கேளுங்கள். “நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க” என்று வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து காட்டுவார்கள். கோயிலும் பள்ளிவாசல்களும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கும் பகுதி இது. வீடுகளின் திண்ணைகளையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் கூட்டமாக நிற்காதீர்கள்.

கோட்டைமேட்டைக் கடந்தால் ஒப்பணக்கார வீதி. ஜவுளிக் கடைகளின் நடுவே நிமிர்ந்து பார்த்தால் அத்தர் ஜமாத் பள்ளிவாசலின் மினார்கள் தெரியும். அங்கிருந்து டவுன்ஹால். விக்டோரியா ஹால் எனும் இந்தக் கட்டடம் 1892-ல் எழுந்தது. 1866-ல் நகராட்சியான கோவைக்கு ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் தலைவர். மாமன்றக் கூட்டம் இன்றும் இந்த மண்டபத்தில்தான் கூடுகிறது. நீங்கள் காலையில் பார்த்துவந்த குளத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, கழிவுநீரை எப்போது நிறுத்துவது என்பவை இங்கே விவாதிக்கப்படுகின்றன.

பெரிய கடை வீதியில் கோனியம்மன் கோயில் நடையின் நிறைவு. ஊரின் காவல் தெய்வம் என்று கோவைக்காரர்கள் போற்றும் அம்மன். மாசித் தேரோட்டத்தன்று ராஜவீதித் தேர்நிலைத் திடலிலும் சுற்று வீதிகளிலும் நகரமே திரளும். கூட்டத்துக்கு அஞ்சாதவர்கள் தங்கள் பயணத்தை அந்த நாளோடு சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நலம். மசாலாச் சாமானும் பலசரக்கும் வாங்குவதற்கு ரங்கே கவுண்டர் வீதி பக்கத்திலேயே இருக்கிறது.

சாப்பாடு

காலையில் டவுன்ஹால் பக்கம் இட்லி, தோசைக்குக் குறைவில்லை. நண்பகலில் கோட்டைமேடு, உக்கடம் பகுதிகளில் பிரியாணிக் கடைகளைத் தேடுங்கள். பன்னிரண்டரைக்குள் போனால் அண்டா திறந்த சூட்டோடு கிடைக்கும். மாலையில் பரோட்டா, சால்னா. கோவையின் தள்ளுவண்டிகளுக்கே உரிய காளான், தட்டில் ஆவி பறக்கத் தரப்படும். ரம்ஜான் மாதம் வருகிறவர்கள் அந்தி நேரத்தில் இந்தத் தெருக்களில் நடந்தால், சமோசாவும் வடையும் பொரிகிற கடைகளையும் நோன்புக் கஞ்சி வாங்கக் காத்திருக்கும் பாத்திரங்களையும் காணலாம். யாராவது கஞ்சி தந்தால் மறுக்காதீர்கள்.

கூழாங்கல் கரையே வேண்டும் என்றால்

நொய்யல் தன் கற்களை விட்டுவிட்டு வந்த இடத்துக்கே போகவேண்டும். நகரத்திலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே, சாடிவயலை அடுத்த கோவைக் குற்றாலம் அதற்கு ஏற்றது. வனத்துறையின் பொறுப்பில் இருக்கும் ஓடை. உருண்ட கற்களின் மேல் தெளிந்த தண்ணீர் ஓடும். வெள்ளக் காலத்தில் மூடிவிடுவார்கள், வாரவிடுமுறையும் உண்டு. ஆகவே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் பவானி ஆற்றிலும் அழகான கல்துறைகள் உண்டு. ஆனால் மேலே பில்லூர் அணை இருப்பதால், வெயில் அடிக்கும் நாளிலும் சட்டென்று நீர்மட்டம் ஏறும். அங்கே ஆற்றின் நடுப்பாறைகளுக்குப் போகவே கூடாது.

நேரம் மிச்சம் இருந்தால்

உக்கடத்திலிருந்து தெற்கே ஆத்துப்பாலத்தில் நொய்யலைப் பாருங்கள். அதைத் தாண்டினால் குறிச்சிக் குளம். தமிழ் எழுத்துகளால் ஆன திருவள்ளுவர் சிலை அதன் கரையில் இருக்கிறது. ஆறு கிழக்கே போகும் வழியில் வெள்ளலூர். 1842-ல் அங்கே கிடைத்த புதையலில் ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் இருந்தன. நொய்யல் கரையோடு கிழக்கே போனால், மணிக்கற்களைப் பட்டைதீட்டிய கொடுமணலும் வரும். மத்தியதரைக் கடலோர ஊர்களுக்கும் சேர நாட்டுத் துறைமுகங்களுக்கும் இடையே நடந்த வாணிகத்தில், பாலக்காட்டுக் கணவாயும் இந்த ஆற்றங்கரையும் பாதையாக இருந்தன. நீஸுக்குப் போகாமலேயே அந்தக் கடலோடு இந்த ஆற்றங்கரைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு என்பதை வெள்ளலூர்க் காசுகள் காட்டுகின்றன.

நாள் திட்டம்

ஐந்து மணிக்கு மீன் மார்க்கெட். ஆறு மணிக்குக் குளக்கரை. எட்டரைக்குக் காலை உணவு. ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை கோட்டைமேடு, ஒப்பணக்கார வீதி, டவுன்ஹால், கோனியம்மன். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. வெயில் நேரத்தில் ஓய்வு. நான்கு மணிக்கு ஆத்துப்பாலம், குறிச்சிக் குளம். ஐந்தரைக்கு மீண்டும் பெரியகுளம். மார்க்கெட்டையும் குறிச்சியையும் விட்டுவிட்டால் இது முதியவர்களுக்கும் ஏற்ற திட்டமே.

ஒருமுறை மழைக்குப் பிறகு வந்தவர்கள் மறுமுறை கோடையில் வாருங்கள். மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, பறவைகள் எத்தனை குறைந்திருக்கின்றன, ஆகாயத்தாமரை எந்தப் பக்கம் பரவியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வாய்க்கால் அடைபட்டிருந்தாலோ, கழிவுநீர் நேரடியாகப் பாய்ந்தாலோ, இடத்தைக் குறித்துப் படத்தோடு மாநகராட்சிக்குப் புகார் அனுப்புங்கள். 2013-ல் இந்தக் குளத்தைத் தோண்டியவர்களும் கரைக்கு வந்து பார்த்தவர்கள்தான். பார்த்த பிறகு சும்மா போக மனமில்லாமல் மண்வெட்டி எடுத்தார்கள். அடுத்த தூர்வாரலுக்கும் ஆள் வேண்டும்.